நாலு மடை, ஒரு வாய்க்கால்: பல போர்ட் சார்ஜரை வீட்டுச் சாதனங்களோடு சோதித்துப் பார்க்கும் முழு வழிகாட்டி

எங்கள் வீடு நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. கூடத்தில் ஒரே ஒரு சுவிட்ச் போர்டு, அதில் இரண்டு பிளக் பாயின்ட். ஒன்று டிவிக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒன்றுக்கு என் போன், அம்மாவின் போன், அப்பாவின் பட்டன் போன், என் லேப்டாப், பவர் பேங்க், காதில் மாட்டும் புளூடூத், ராத்திரி மோட்டார் போடப் போகும்போது அப்பா தலையில் கட்டிக்கொள்ளும் டார்ச் என்று ஏழு பேர் வரிசையில் நிற்பார்கள். யார் யாருடைய ஒயரைப் பிடுங்கியது என்று தினமும் சாயங்காலம் ஒரு பஞ்சாயத்து.

அதற்காகத்தான் மேசையில் வைக்கும் நாலு போர்ட் சார்ஜர் ஒன்று வாங்கினேன். மூன்று டைப்-சி, ஒரு பழைய அகல யூஎஸ்பி. பெட்டியில் 100 வாட் என்று கொட்டை எழுத்து. முதல் ராத்திரி எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். திரும்பி வந்து பார்த்தால் லேப்டாப், சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்று எச்சரிக்கை காட்டுகிறது. அம்மா தன் போனைத் தூக்கிக் காட்டி, “நூறு வாட்டுன்னு சொன்னியேப்பா, எம் போனு ஏறவே மாட்டேங்குதே” என்றார்.

பழுதான சார்ஜர் என்று திருப்பி அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, அதற்கு முன் இரண்டு நாள் நோட்டும் மீட்டருமாக உட்கார்ந்தேன். சார்ஜரில் கோளாறு இல்லை. பங்கீட்டை நான் புரிந்துகொள்ளாததுதான் பிரச்சினை. டெல்டாக்காரனுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்று பேப்பரில் படிக்கிறோம். அதை வைத்தா நாற்று விடுகிறோம்? கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிந்த பிறகு நம் மடைக்கு எவ்வளவு வந்தது என்றுதானே பார்க்கிறோம். சார்ஜரின் 100 வாட் மேட்டூர்க் கணக்கு. உங்கள் போனுக்கு வருவது மடைக் கணக்கு. இரண்டாவதை அளப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவில் செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று வேண்டும். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் காட்டும். டைப்-சி மீட்டராக, பவர் டெலிவரி பேச்சுவார்த்தையை (எத்தனை வோல்ட் வேண்டும் என்று சாதனமும் சார்ஜரும் பேசி முடிவு செய்வதை) தடுக்காமல் கடத்திவிடுவதாகப் பார்த்து வாங்குங்கள். அகல யூஎஸ்பி மட்டும் உள்ள விலை மலிவான மீட்டர் லேப்டாப்புக்கு உதவாது.

மீட்டர் வாங்க மனமில்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் பேட்டரி ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பேட்டரிக்குள் எத்தனை மில்லிஆம்பியர் போகிறது, பேட்டரியின் வோல்ட் எவ்வளவு என்று அது காட்டும். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட். 3,500 மில்லிஆம்பியர், 4 வோல்ட் என்றால் 14 வாட். சார்ஜர் கொடுப்பதைவிட இது கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நடுவில் போன் சூடாவதிலும் திரை எரிவதிலும் கொஞ்சம் போய்விடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

அப்புறம் ஒரு நோட்டு, பேனா, வீட்டிலுள்ள அத்தனை ஒயர்களும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் கெடு என்று முதலில் பாருங்கள். அதுவரை அட்டைப் பெட்டியைக் கிழிக்க வேண்டாம்.

படி 1: பெட்டியை விட்டுவிட்டு சார்ஜரின் உடம்பில் இருப்பதைப் படியுங்கள்

சார்ஜரைத் தலைகீழாகத் திருப்புங்கள். எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பதுதான் சுலபம். முதல் வரி உள்ளே வரும் கரண்ட்: 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். நம் ஊரில் இந்தக் கீழ் எல்லை ரொம்ப முக்கியம். ஏன் என்று படி 7-இல் சொல்கிறேன்.

அடுத்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 5 ஆம்பியர் என்பது போல வரிசை இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்: 20 × 5 = 100. இது அந்த போர்ட் தனியாக இருக்கும்போது மட்டும் கிடைப்பது. அதற்கும் கீழே, பல சமயம் பெட்டியின் பின்புறத்திலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோ, ‘சேர்த்து மாட்டினால்’ என்ற அட்டவணை இருக்கும். நீங்கள் உண்மையில் வாங்கியது அந்த அட்டவணையைத்தான். என்னுடையதில் இப்படி இருந்தது: முதல் சி தனியாக 100. முதல் இரண்டு சி சேர்ந்தால் 65-ம் 30-ம். அதற்கு மேல் எது சேர்ந்தாலும் முதல் சி 45, இரண்டாம் சி 30, மூன்றாம் சி-யும் அகல யூஎஸ்பி-யும் இரண்டுக்கும் சேர்த்து 15. கூட்டினால் 90 தான் வருகிறது. மீதி 10 எங்கே என்று யாரையும் கேட்க முடியாது.

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையையும் பாருங்கள். ஆர் என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்கமும், கூடவே ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த ஆர் எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய பதிவு என்று வரும். இதற்கு முன் நான் வாங்கிய ஒரு சார்ஜரில் 120 வாட் என்று போட்டிருந்தது. உடம்பில் ஆர் எண்ணே இல்லை. கையில் எடுத்தால் காலி டப்பா கனம். அதை ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

படி 2: வீட்டில் யார் எவ்வளவு குடிப்பார்கள் என்று எழுதுங்கள்

ஒவ்வொரு சாதனத்தோடும் வந்த பழைய சார்ஜரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பட்டன் போன் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் எடுக்கும். சாதாரண ஆண்ட்ராய்டு போன் 10 முதல் 25 வாட். டைப்-சி லேப்டாப் பெரும்பாலும் 45 அல்லது 65. காதில் மாட்டுவது 2 வாட்டைத் தாண்டாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில கம்பெனிகளின் போன்கள் 67 வாட், 80 வாட் என்று ஏறுவது அவர்களுடைய சொந்த சார்ஜரிலும் சொந்த ஒயரிலும் மட்டும்தான். பொதுவான சார்ஜரில் அவை அதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் ஏறும். அது சார்ஜரின் குற்றமில்லை. போனும் சார்ஜரும் ஒரே பாஷை பேச வேண்டும். சார்ஜரில் பவர் டெலிவரி, பிபிஎஸ், குயிக் சார்ஜ் என்ற பாஷைகளில் எவை எழுதியிருக்கின்றன, உங்கள் போன் எதை ஏற்கும் என்று பொருத்திப் பாருங்கள்.

படி 3: ஒயரை முதலில் பிடியுங்கள்

சார்ஜர் மேல் வரும் புகார்களில் பாதி ஒயரைச் சேர வேண்டியது. இரண்டு பக்கமும் சி உள்ள ஒயர் சாதாரணமாக 3 ஆம்பியர் வரைதான் கடத்த அனுமதி. 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒயரின் முனைக்குள்ளேயே ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று சொல்லும் சின்ன சிப் இருக்க வேண்டும். அது இல்லாத ஒயரைப் போட்டால் 100 வாட் சார்ஜரும் 60-க்கு மேல் திறக்காது. திறக்கவும் கூடாது.

அகல யூஎஸ்பி ஒயர்களின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் 5 வோல்ட்தான் என்பதால் ஒயரில் கொஞ்சம் இழந்தாலும் வலிக்கும். ஒயரின் தடை 0.2 ஓம் என்று வையுங்கள். 2 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். போனுக்குப் போய்ச் சேருவது 4.6. போன் அதைப் பார்த்துவிட்டு, ‘ஆற்றில் தண்ணீர் குறைவு’ என்று தானே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். இதைச் சோதிக்க ஒரே போன், ஒரே போர்ட், ஒயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு ஆம்பியரை எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது ஒயர் தேறியது. அதில் மூன்றை அன்றே குப்பையில் போட்டேன். அதில் ஒன்று நான் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த, துணி சுற்றிய, சிவப்பு நிற, பார்க்க ரொம்ப லட்சணமான ஒயர்.

படி 4: ஒவ்வொன்றாக, தனியாக

நல்ல ஒயர் தேறிய பிறகு சாதனங்களைத் தனித்தனியாக அளக்கலாம். பேட்டரி 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஏறுகிற முறை அப்படி: காலியாக இருக்கும்போது முழு வேகத்தில் வாங்கும், 80 சதவீதம் வாக்கில் வந்ததும் தானாகவே குறைத்துக்கொள்ளும். குடம் கழுத்து வரை வந்ததும் நாம் குழாயை மட்டுப்படுத்துவோமே, அது மாதிரி. 85 சதவீதத்தில் போனை மாட்டிவிட்டு 6 வாட்தான் வருகிறது என்று சார்ஜரைத் திட்டுவதில் நியாயமில்லை.

திரையை அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். முதல் சில விநாடிகள் 5 வோல்ட் காட்டும். அப்புறம் போனும் சார்ஜரும் பேசி முடித்ததும் 9 வோல்ட்டுக்குத் தாவும். லேப்டாப் என்றால் 20. மீட்டரில் 8.6, 8.74 என்று ஒட்டாத எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் பிபிஎஸ் வேலை செய்கிறது என்று பொருள். அந்த முறையில் போன் கேட்கக் கேட்க 20 மில்லிவோல்ட் படிகளில் வோல்ட்டை ஏற்றி இறக்கலாம்.

என் நோட்டில் எழுதிய ஒரு வரி: “என் போன், முதல் சி, 34 சதவீதம், 8.9 வோல்ட், 2.0 ஆம்பியர், 17.8 வாட்.” இதே போனை மற்ற மூன்று போர்ட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் விடாதீர்கள். ஒரு போர்ட் மட்டும் செத்திருந்தாலோ பிளக் தளர்ந்திருந்தாலோ இப்போதுதான் தெரியும். செருகிய முனையை லேசாக ஆட்டுங்கள். மீட்டர் அணைந்து எரிந்தால் அந்த போர்ட்டின் பிடி சரியில்லை. புதுசிலேயே அப்படியென்றால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

போன் ஏறிக்கொண்டிருக்கும்போது திரையைத் தேய்த்துப் பார்ப்பதும் இந்தப் படியில் சேர்ந்ததுதான். விரல் வைக்காத இடத்தில் எழுத்து விழுகிறது, தானே ஆப் திறக்கிறது என்றால் சார்ஜரிலிருந்து மின் இரைச்சல் வருகிறது. கோயில் விசேஷத்தில் போனை ஆம்பிளிபயரில் செருகிப் பாட்டுப் போடும்போது, சார்ஜரும் மாட்டியிருந்தால் ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வருமே, பல சமயம் அதுவும் சார்ஜர் வழியாக வருவதுதான். ஒயரைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

சின்னச் சாதனங்களில் ஒரு விசித்திரம் உண்டு. அப்பாவின் தலை டார்ச்சில் சி பின்தான் இருக்கிறது. ஆனால் சி-க்கு-சி ஒயரில் அசைவே இல்லை, லைட்கூட எரியவில்லை. டார்ச் செத்துவிட்டது என்று நினைத்தேன். அகல யூஎஸ்பி ஒயரில் போட்டால் ஜோராக ஏறுகிறது. காரணம் இதுதான்: சி போர்ட் எதிர்ப்பக்கம் ஒரு சாதனம் இருப்பதை உறுதி செய்யாமல் கரண்டைத் திறக்காது. அதைச் சொல்ல சாதனத்துக்குள் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க மலிவான டார்ச், மின்விசிறி, டிரிம்மர்களில் அதை விட்டுவிடுகிறார்கள். அகல யூஎஸ்பி போர்ட் கேள்வி கேட்காமல் 5 வோல்ட் தரும். ஆகவே நாலு போர்ட்டும் சி ஆக இருக்கும் சார்ஜர் பார்க்க நவீனமாக இருந்தாலும், நம் வீடுகளுக்கு ஒரு அகல யூஎஸ்பியாவது இருப்பது நல்லது.

படி 5: எல்லாரையும் சேர்த்து மாட்டுங்கள்

முக்கியமான படி இதுதான். உங்கள் வீட்டில் ராத்திரி உண்மையில் எப்படி மாட்டுவீர்களோ அப்படியே மாட்டுங்கள். ஒழுங்குபடுத்தாதீர்கள். முதல் நாள் நாங்கள் மாட்டிய மாதிரியே நான் திரும்ப மாட்டினேன்: முதல் சி-யில் லேப்டாப், இரண்டாம் சி-யில் பவர் பேங்க், மூன்றாம் சி-யில் அம்மாவின் போன், அகல யூஎஸ்பியில் டார்ச்.

லேப்டாப் தனியாக இருந்தபோது 19.6 வோல்ட்டில் 3.2 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 63 வாட் எடுத்தது. இப்போது 43. எச்சரிக்கை வந்ததற்குக் காரணம் கிடைத்தது. அம்மாவின் போன்? தனியாக 17 வாட் எடுத்தது, இப்போது 6.

ஏன் இப்படி? சார்ஜருக்குள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் வோல்ட்டை மாற்றித் தரும் தனித்தனிச் சுற்று இருந்தால் நல்லது. பல சார்ஜர்களில் கடைசி இரண்டு போர்ட்டுக்கும் ஒரே சுற்றுதான். ஒரு சுற்று ஒரு நேரத்தில் ஒரே வோல்ட்தான் தர முடியும். அம்மாவின் போன் 9 கேட்கிறது, டார்ச்சுக்கு 9 கொடுத்தால் கருகிவிடும். ஆகவே இரண்டும் மாட்டியிருக்கும்போது இரண்டுக்கும் 5 வோல்ட் என்று இறக்கிவிடுகிறது. தலைமடைக்காரர் லேப்டாப், கடைமடையில் அம்மா. டார்ச்சைப் பிடுங்கிய சில விநாடிகளில் அம்மாவின் போன் 9 வோல்ட்டுக்கு ஏறியதை மீட்டரில் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து நான் பார்த்தது இன்னும் அநியாயம். முதல் சி-யில் லேப்டாப், இரண்டாம் சி-யில் என் போன் மட்டும். லேப்டாப்புக்கு 62 வாட் வருகிறது. சரி. இப்போது ஏற்கெனவே முழுக்க ஏறிவிட்ட காதுப் புளூடூத்தை அகல யூஎஸ்பியில் செருகினேன். அது இழுப்பது 0.1 வாட்டுக்கும் குறைவு. லேப்டாப் உடனே 43-க்கு விழுந்தது. பத்து நிமிடம் காத்திருந்தேன், ஏறவே இல்லை. நிரம்பிய வயலின் மடை திறந்தே இருந்தால் மேலே இருப்பவனுக்கு முறை வராது என்பது போல, மூன்றாவது ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று மட்டும்தான் அந்த சார்ஜர் பார்க்கிறது. அவர் குடிக்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்று பார்ப்பதில்லை. சில சார்ஜர்கள் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்த்து, மிச்சத்தை மற்றவருக்குத் திருப்பிவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று அறிய, இந்த ஒரு சோதனை போதும்: முழுக்க ஏறிய ஒரு சின்னச் சாதனத்தைச் செருகி, பெரியதைக் கவனியுங்கள்.

இடங்களை மாற்றி மாற்றி இரண்டு மூன்று சேர்க்கைகளைப் பாருங்கள். கணித வகுப்பு போல எல்லாச் சேர்க்கையும் வேண்டாம். வீட்டில் நடக்கக்கூடியவை போதும்.

படி 6: செருகும்போதும் பிடுங்கும்போதும் என்ன நடக்கிறது

ஒரு போர்ட்டில் புதிதாக ஏதாவது செருகினால் சார்ஜர் பங்கீட்டைத் திரும்பப் போடும். அந்த ஓரிரு விநாடி மற்ற போர்ட்களில் கரண்ட் நின்று வரலாம். போனுக்கும் லேப்டாப்புக்கும் இதில் நஷ்டமில்லை, டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் பேட்டரி இல்லாத எதையாவது, வைஃபை ரவுட்டர், கேமரா, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மாதிரி, இதே சார்ஜரிலோ அதில் தொங்கும் ஹப்பிலோ ஓட்டினால் அது அணைந்து திரும்ப ஏறும். அம்மா போனை மாட்டும்போதெல்லாம் எனக்கு மீட்டிங் அறுந்தது ஏன் என்று இதைச் செய்து பார்த்தபோதுதான் புரிந்தது. ரவுட்டரை அன்றே அதன் சொந்த அடாப்டருக்கு மாற்றினேன்.

படி 7: நம் ஊர் கரண்டில் ஓட்டிப் பாருங்கள்

விமர்சனம் எழுதுகிறவர்கள் குளிர்பதன அறையில், நிலையான 230 வோல்ட்டில் சோதிப்பார்கள். இங்கே குறுவைக்கு எல்லா போர் மோட்டாரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் எங்கள் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் சிவப்பு எண் 170-க்கு இறங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 100 முதல் 240 என்று போட்ட சார்ஜருக்கு 170 ஒன்றும் குறைவில்லை. உள்ளே அதிக ஆம்பியர் இழுத்துச் சமாளித்துவிடும், கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். எனவே வோல்ட் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, படி 5-இன் எண்கள் அப்படியே வருகின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள். அப்போது மட்டும் குறைந்தால் அந்த சார்ஜர் நம் ஊருக்கு ஆகாது.

ஏறுகிற பக்கம்தான் ஆபத்து. காற்று மழையில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் வீட்டுக்குள் வோல்ட் தாறுமாறாக ஏறும். பல்பு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் சோதனையெல்லாம் அப்புறம், முதலில் மெயினை அணையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுவது நல்லது. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்க மெயினை அணைத்துவிட்டு அரைமணி நேரம் விடுங்கள். விலை மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் சார்ஜர் ரீங்காரமிடும். மெல்லிய சத்தம் பரவாயில்லை. சூடும் வாடையும் வந்தால் கூடாது. கணக்கு ஒன்று நினைவிருக்கட்டும்: முழுப் பாரத்தில் இந்த சார்ஜர் இழுப்பது ஒரு சாதாரண சீலிங் ஃபேன் இழுப்பதற்குச் சமம். மின்தடையில் லேப்டாப்பைச் சேர்த்து மாட்டினால் இன்னொரு ஃபேன் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய பிறகு, ஜெனரேட்டர் இருந்த வீட்டு வாசலில் ஊரே போன்களை வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு பிளக் பாயின்ட்டுக்கு எத்தனை சார்ஜர் என்று அன்று நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு, நாலு போர்ட் சார்ஜர் ஆடம்பரமாகத் தெரியாது.

சுவரிலிருந்து உண்மையில் எவ்வளவு போகிறது என்று அளக்கத் தனிக் கருவி வேண்டாம், ஈபி மீட்டரே போதும். அதில் சிவப்பாக ஒரு லைட் விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்பது போல எழுதியிருக்கும். உங்கள் மீட்டரில் உள்ள எண்ணைப் பாருங்கள். 3200 என்றால் ஒரு மின்னலுக்கு 0.3125 வாட்-மணி. ஃபேன், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சார்ஜரை மட்டும் முழுப் பாரத்தில் விடுங்கள். எனக்குப் பத்து மின்னலுக்கு 150 விநாடி ஆனது. அதாவது 150 விநாடியில் 3.125 வாட்-மணி. ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 75 வாட். போர்ட்களில் மீட்டர் காட்டியதைக் கூட்டினால் 43, 17, 8, ஆக 68. கிட்டத்தட்ட 90 சதவீதம் சாதனங்களுக்குப் போகிறது, 7 வாட் சூடாகிறது. நல்ல சார்ஜருக்கு இது நியாயமான கணக்கு. இதற்காக நான் திண்ணையில் போன் ஸ்டாப்வாட்ச்சோடு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, போகிற வருகிறவர்கள் எல்லாம் “என்னப்பா, பில்லு ஏறிப்போச்சா?” என்று விசாரித்தார்கள்.

கடைசியாக, ஷாக். என் சார்ஜருக்கு வருவது பழைய டேப் ரெக்கார்டருக்குப் போடும் எட்டு வடிவ ஒயர், இரண்டு பின், எர்த் கிடையாது. மெட்டல் உடம்பு உள்ள லேப்டாப்பை அதில் மாட்டி, வெறுங்காலோடு தரையில் நின்று விரலால் லேசாகத் தடவினால் மெல்லிய விறுவிறுப்பு தெரியும். சுவர்ப் பக்கத்துக்கும் யூஎஸ்பி பக்கத்துக்கும் நடுவில் இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கசியும் துளிக் கரண்ட் அது. சரியாகச் செய்த சார்ஜரில் அது மிகக் குறைவாகத்தான் இருக்கும். செருப்புப் போட்டால் தெரியாது. ஆனால் ‘சுரீர்’ என்று கையை இழுக்க வைத்தால் அது வேறு விஷயம். உடனே கழற்றிவிட்டு திருப்பி அனுப்புங்கள். மூன்று பின் உள்ள சார்ஜரில் விறுவிறுப்பு வந்தால் சார்ஜரைவிட வீட்டு எர்த்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: ஒரு மணி நேரச் சூடு

எல்லாவற்றையும் மாட்டி ஒரு மணி நேரம் விடுங்கள், முடிந்தால் மத்தியான வெக்கையில். பத்தாவது நிமிட வாட்டையும் அறுபதாவது நிமிட வாட்டையும் எழுதுங்கள். பேட்டரி இன்னும் பாதிகூட ஏறாத நிலையிலேயே வாட் இறங்கியிருந்தால், சார்ஜர் சூட்டுக்குப் பயந்து தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். வைத்திருக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் கவலைப்பட வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டரை எடுக்காதீர்கள். உடம்புச் சூடு அளக்கும் முறையில் அவை காய்ச்சல் அளவைத் தாண்டியதும் கைவிரித்துவிடும். சார்ஜரை மெத்தை மேலோ துணிக்கு அடியிலோ வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் எங்கள் வீட்டில் அது இரண்டு தடவை தலையணைக்கு அடியிலிருந்து கிடைத்தது.

படி 9: போர்ட்டுக்குப் பெயர் ஒட்டுங்கள்

எண்கள் சரியாக இருந்து சார்ஜரை வைத்துக்கொள்வது என்று முடிவானால், நோட்டை மூடும் முன் ஒரு வேலை. பள்ளிக்கூட நோட்டுக்கு ஒட்டும் லேபிளை நாலாக நறுக்கி, முதல் சி-யில் ‘லேப்டாப்’, இரண்டாம் சி-யில் ‘அம்மா’, மூன்றாம் சி-யில் ‘பவர் பேங்க் / நான்’ என்று எழுதி ஒட்டினேன். அகல யூஎஸ்பியில் ‘டார்ச், லேப்டாப் ஏறின பிறகு’ என்று எழுத இடம் போதவில்லை, ‘அப்பா, 10 மணிக்கு மேல்’ என்று சுருக்கினேன். அப்பா அதைப் படித்துவிட்டு, “நமக்கு எப்பவும் ராத்திரி முறைதானா?” என்றார். காதுப் புளூடூத்துக்கும் பட்டன் போனுக்கும் அந்த நாலிலும் இடம் கொடுக்கவில்லை. பழைய 10 வாட் சார்ஜர் ஒன்று சாமி அறைப் பிளக்கில் சும்மா இருந்தது, அதில் போட்டுக்கொள்கிறோம்.